நேரப்பட்டியலில் முதலாமவர் ஏன் தோற்கிறார்: 800, 1500 மீற்றர் ஓட்டங்களைக் கணிப்பது

800 மீற்றர் இறுதிப்போட்டிக்குத் தெரிவான எட்டுப் பேரின் பட்டியல் கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். யாருடைய நேரம் குறைவு என்று பார்த்து, அந்தப் பெயருக்குக் கீழே ஒரு கோடு போடுவார்கள். 100 மீற்றர் ஓட்டத்தில் இந்தக் கணிப்பு அநேகமாகப் பலிக்கும். அங்கே ஒவ்வொருவரும் தன் சுவட்டில் தன்னால் முடிந்த அளவு வேகமாக ஓடுகிறார். அடுத்தவர் என்ன செய்கிறார் என்பது அவருக்குத் தேவையில்லை. 800, 1500 மீற்றரில் அப்படி இல்லை. பதக்கத்துக்காக ஓடும்போது யாரும் நேரத்துக்காக ஓடுவதில்லை. முதல் சுற்றை மெதுவாக இழுத்துச்சென்று, கடைசி 200 மீற்றரில் வெடித்து வெல்லலாம். அதனால் யார் வெல்வார் என்று கேட்பதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த ஓட்டம் எந்த வேகத்தில் போகும், அந்த வேகத்தை யார் தீர்மானிப்பார்? இதற்கு விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். கிடைக்காவிட்டால் மீதிக் கணக்கெல்லாம் வீண்.

இதற்கு நல்ல உதாரணம் நம் மலைநாட்டிலேயே இருக்கிறது. கண்டி மாவட்டம் வலல ஏ. ரத்நாயக்க மத்திய கல்லூரியின் தருஷி கருணாரத்ன, 2023 ஜூலையில் பாங்கொக் ஆசிய மெய்வல்லுநர் போட்டியில் 800 மீற்றரை 2:00.66 இல் ஓடித் தங்கம் வென்றார். அதே ஆண்டு ஒக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவிலும் தங்கம் அவருக்கே. ஆனால் நேரம் 2:03.20. இரண்டரைச் செக்கன் மெதுவாக ஓடி, அதைவிடப் பெரிய பதக்கத்தை வென்றிருக்கிறார். அந்த ஓட்டத்தில் வெண்கலம் பெற்ற சீனாவின் வாங் சுன்யு, டோக்கியோ ஒலிம்பிக் இறுதிப்போட்டியில் 1:57.00 ஓடியவர். நேரப்பட்டியலை மட்டும் வைத்துக் கோடு போட்டிருந்தால் வாங்கின் பெயருக்குக் கீழேதான் போட்டிருப்போம்.

1500 மீற்றரில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். 2016 ரியோ ஒலிம்பிக் இறுதிப்போட்டியை மத்தியூ சென்ட்ரோவிட்ஸ் 3:50.00 இல் வென்றார். மூன்று வாரங்கள் கழித்து அதே நகரில் நடந்த பராலிம்பிக்கில், பார்வைக் குறைபாடுள்ளோருக்கான 1500 மீற்றரை அல்ஜீரியாவின் அப்தெலத்தீப் பாக்கா 3:48.29 இல் வென்றார். ஒலிம்பிக் ஓட்டக்காரர்களுக்கு ஓடத் தெரியாமல் போய்விடவில்லை. சென்ட்ரோவிட்ஸ் முன்னால் நின்று வேகத்தை அடக்கினார். மற்றவர்களும் அதற்கு உடன்பட்டார்கள். பிறகு கடைசிச் சுற்றை அவர் 51 செக்கனுக்கும் குறைவாக ஓடினார். அப்படிப்பட்ட ஓட்டத்தில், 3:30 க்குள் ஓடக்கூடியவர் என்ற தகுதியால் யாருக்கும் பலன் கிடைப்பதில்லை.

வேகத்தை முன்கூட்டியே ஊகிப்பதற்குப் பட்டியலில் உள்ளவர்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒருவர் 400 பக்கத்திலிருந்து 800 க்கு வந்தவர். மற்றவர் 1500, 3000 பக்கத்திலிருந்து இறங்கியவர். 800 மீற்றரில் உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஒட்சிசனை வைத்துக் கிடைப்பது. 1500 இல் அது ஐந்தில் நான்குக்கு மேல். எனவே இரு வகையாரும் 800 இல் சம நேரம் வைத்திருக்க முடியும், ஆனால் அவர்களுக்கு ஒத்துவரும் ஓட்டம் வேறு வேறு. சாதாரணமாக ஒருவரின் 800 நேரம், அவரது 400 நேரத்தின் இரண்டு மடங்குடன் 10 முதல் 14 செக்கன் வரை கூட்டினால் வரும். டேவிட் ருடிஷாவின் சிறந்த 400 நேரம் 45.50. இரண்டு மடங்கு 91 செக்கன். 2012 லண்டனில் அவர் படைத்த உலக சாதனை 1:40.91, வித்தியாசம் பத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த வித்தியாசம் ஒருவருக்கு 10, 11 என்று சிறிதாக இருந்தால் அவர் தாக்குப்பிடிக்கும் ரகம். முதல் சுற்று கடுமையாகப் போனால் அவருக்கு இலாபம். 14, 15 என்று பெரிதாக இருந்தால் கையில் வேகம் மிச்சம் இருக்கிறது. ஓட்டம் மெதுவாகப் போகட்டும் என்றுதான் அவர் வேண்டிக்கொள்வார்.

ஒரு கற்பனைப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். ‘அ’ என்பவரின் 800 நேரம் 1:54.9, 400 நேரம் 51.8, 1500 உம் நன்றாக ஓடுவார். ‘ஆ’ வின் 800 நேரம் 1:55.6, 400 நேரம் 49.4. மற்ற ஆறு பேரும் 1:56 க்கு மேல். காகிதத்தில் ‘அ’ 0.7 செக்கன் முன்னால், அதாவது கிட்டத்தட்ட ஐந்து மீற்றர். முதல் சுற்று 55, 56 செக்கனில் போனால் ‘ஆ’ வின் வேகம் கடைசி நேர்பாதைக்கு வருமுன்னே கரைந்துவிடும். 59, 60 இல் போனால் கடைசி 150 மீற்றரில் ‘ஆ’ வைப் பிடிக்க முடியாது. வேகமான ஓட்டத்தால் பலனடையப் போவது ‘அ’ ஒருவர்தான். ஆகவே அவரே முன்னால் போய் இழுக்கவேண்டும், வேறு யாரும் அவருக்காக இழுக்க மாட்டார்கள். பதினேழு வயதில் முதல்தடவை தேசியமட்ட இறுதிக்கு வந்த பிள்ளை அதைச் செய்யுமா? மைதான ஓரத்தில் நின்று “பின்னாலேயே நில்லு தம்பி, கடைசி இருநூறுல விடு” என்று கத்தும் சேர்மார்தான் நம்மிடம் அதிகம். அந்த ஆலோசனை ‘ஆ’ வுக்குப் பொருந்தும். ‘அ’ வுக்கு அதுதான் தோல்விக்கான வழி.

இதை எண்ணாக மாற்றிப் பார்க்கலாம். ஓட்டம் வேகமாகப் போக 40 சதவீத வாய்ப்பு, மெதுவாகப் போக 60 என்று வைப்போம். வேகமாகப் போனால் ‘அ’ வெல்ல 55, ‘ஆ’ வெல்ல 25, மற்றவர்களுக்கு 20. மெதுவாகப் போனால் ‘அ’ வுக்கு 20, ‘ஆ’ வுக்கு 50, மற்றவர்களுக்கு 30. பெருக்கிக் கூட்டினால் ‘அ’ 34, ‘ஆ’ 40, மற்றவர்கள் 26. பட்டியலில் முதலாமவர் இரண்டாமிடத்துக்கு வந்துவிட்டார். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: நாம் தெரிவுசெய்த ‘ஆ’ கூட பத்துத் தடவை ஓடினால் நாலு தடவைதான் வெல்வார். நடுத்தூர ஓட்டத்தில் ‘கட்டாயம் இவர்தான்’ என்று ஒருவர் அடித்துச் சொன்னால், அவர் கணக்குப் பார்க்கவில்லை என்று தைரியமாக நினைத்துக்கொள்ளலாம்.

கணக்குக்குப் போடும் நேரங்கள் நம்பத்தக்கவையா என்பது அடுத்த பிரச்சினை. மலையகத்தில் இதுதான் மிகவும் சிக்கலான பகுதி. தோட்டப்புறப் பாடசாலைகள் பலவற்றில் 400 மீற்றர் சுற்று போடும் அளவுக்குச் சமதரை கிடையாது. 200 மீற்றர் சுற்று, புல்தரை, ஒரு பக்கம் சரிவு. 800 ஓடுவதற்கு அங்கே நாலு சுற்று, எட்டு வளைவு. வளைவு இறுக்கமாக இருப்பதால் நீண்ட கால்வீச்சுள்ள பிள்ளை ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்துத்தான் ஆகவேண்டும். குட்டையான, கால் வேகமாக மாறும் பிள்ளைக்கு அது பெரிய தடையில்லை. அதே இரண்டு பேரும் கொழும்பு சுகததாச அரங்கின் அகன்ற வளைவுக்கு வந்தால் நிலைமை தலைகீழாக மாறலாம்.

தூரமே சரியாக இருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். உட்புற விளிம்பில் கட்டு இல்லாமல் சுண்ணாம்புக் கோடு மட்டும் போட்ட மைதானத்தில், கோட்டுக்கு 20 சென்ரிமீற்றர் வெளியே வைத்துத்தான் சுற்றின் நீளத்தை அளக்கவேண்டும். கோட்டின் மேலேயே நாடாவைப் பிடித்து 200 மீற்றர் அளந்திருந்தால், ஒவ்வொரு சுற்றும் ஏறத்தாழ ஒன்றேகால் மீற்றர் நீண்டுவிடும். நாலு சுற்றில் ஐந்து மீற்றர். மேலே பார்த்த ‘அ’ வுக்கும் ‘ஆ’ வுக்கும் இடையிலான வித்தியாசம் முழுவதும் அந்த நாடாவிலேயே போய்விடுகிறது.

நேரத்தின் வடிவத்தைப் பார்த்தே அது எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்லிவிடலாம். 1:56.3 என்று ஒரு தசமம் மட்டும் இருந்தால் கையால் அழுத்திய நிறுத்தற் கடிகாரம், 1:56.48 என்று இரண்டு இருந்தால் பொதுவாக மின்னியல் நேரம். ஆனால் நிறுத்தற் கடிகாரத்தில் தெரிந்த இரண்டு தசமத்தையும் அப்படியே எழுதிவிடும் மேசைகளும் உண்டு. விதிப்படி கைநேரத்தை அடுத்த மேல் பத்திலொன்றுக்கு உயர்த்தித்தான் எழுதவேண்டும். 1500 இல் இன்னொரு பிழை ஒளிந்திருக்கிறது. 400 மீற்றர் சுற்றில் அதன் தொடக்கக் கோடு முடிவுக் கோட்டுக்கு நேர் எதிரே, மைதானத்தின் குறுக்கே 75 மீற்றரளவு தள்ளி இருக்கும். துப்பாக்கிப் புகையைப் பார்க்காமல் சத்தத்தைக் கேட்டுக் கடிகாரத்தை அழுத்தினால் 0.2 செக்கன் இனாமாகக் கிடைக்கும். மழைமூட்டத்தில் புகை தெரியாத நாளில் அநேகமாக இதுதான் நடக்கிறது.

மழையைப் பற்றியும் சொல்லவேண்டும். தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவை நனைக்கிறது: ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை. அதே மாதங்களில் மலைக்கு அந்தப் பக்கம் பதுளை, பண்டாரவளையில் வெயில். ஜூலையில் ஹட்டன் வலயத்தில் ஊறிப்போன புல்தரையில் ஓடிய 2:03 உம், பண்டாரவளை வலயத்தில் காய்ந்து இறுகிய தரையில் ஓடிய 2:00 உம் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக வரும்போது, கீழே இருப்பவர் பலவீனமானவர் என்று முடிவுகட்டுவது அநியாயம். எத்தனை செக்கன் கூட்டலாம் குறைக்கலாம் என்று நிலையான எண் எதுவும் இதற்குக் கிடையாது. செய்யக்கூடியது வேறொன்று: நேரத்தை விட்டுவிட்டு இடைவெளியைப் பார்ப்பது. அந்த ஓட்டத்தில் இரண்டாமவர் எத்தனை செக்கன் பின்னால் வந்தார்? அந்த இரண்டாமவர் வேறு நல்ல மைதானத்தில் என்ன ஓடியிருக்கிறார்? அவர் கண்டி போகம்பறை மைதானத்தில் 1:59 ஓடியவர் என்றால், சேற்றில் அவரை மூன்று செக்கனால் முந்தியவர் 1:56 பக்கம் ஓடக்கூடியவர். பொதுவான எதிராளி வழியாகப் போடும் இந்தக் கணக்கு, அறிவித்த நேரத்தைவிட எப்போதும் மேலானது.

மாகாணங்களுக்கிடையிலான வித்தியாசத்தையும் இதே வழியில் சரிசெய்யலாம். வலல போன்ற நடுத்தூர ஓட்டத்துக்குப் பெயர்போன பாடசாலை மத்திய மாகாணத்தில் இருப்பதால், அங்கே 800 மீற்றரில் மூன்றாமிடம் வந்தவரை வேறொரு மாகாணத்தின் முதலாமவருக்குக் கீழே வைத்துவிடக்கூடாது.

இனி உயரம். ‘மலையில பொறந்து வளந்த புள்ள, மூச்சு இருக்கும்’ என்பது கொழும்பு அரங்கின் பார்வையாளர் வரிசையில் தவறாமல் கேட்கும் வசனம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறத்தாழ 80 சதவீதம். ஹட்டன் 1,271 மீற்றர் உயரம்தான். உயரத்தில் வாழ்ந்து தாழ்வில் பயிற்சி செய்வது நல்லது என்று நிறுவிய அமெரிக்க ஆய்வு 1997 இல் வெளியானது. அதில் ஓட்டக்காரர்கள் 2,500 மீற்றரில் தங்கினார்கள். பயிற்சிக்கு 1,250 மீற்றருக்கு இறங்கினார்கள். அந்த ஆய்வில் ‘தாழ்வு’ என்று எடுத்துக்கொண்ட மட்டத்தில்தான் நமது ஹட்டன் இருக்கிறது. எனவே உயரத்தில் வாழ்பவரின் இரத்தம் ஒட்சிசனைக் கூடுதலாகச் சுமக்கும் என்ற பெரிய உரிமைகோரல்களை நுவரெலியா, கந்தப்பளைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேண்டுமானால் சற்றுத் தயக்கத்துடன் ஒதுக்கலாம். ஹட்டன், பண்டாரவளைப் பிள்ளைகளுக்கு அதை வைத்து வெற்றிவாய்ப்பைக் கூட்டுவது சரியில்லை. பாடசாலைக்குத் தினமும் மேடுபள்ளம் நடப்பதும், குளிரில் நீண்ட தூரம் ஓட முடிவதும் உதவும்தான். அதன் பலன் 800 ஐவிட 5000, 10000 இல் அதிகம் தெரிகிறது. ஹட்டனிலிருந்து தேசியமட்டத்துக்கு வந்த குமார் சண்முகேஸ்வரன் தடம் பதித்ததும் அந்த நெடுந்தூர ஓட்டங்களில்தான்.

நேரத்தைத் திருத்துவதற்கு மட்டும் உயரம் பயன்படும், அதுவும் தூரத்துக்கேற்ப. 2,240 மீற்றர் உயரத்தில் நடந்த 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ரால்ஃப் டூபெல் 800 ஐ 1:44.3 இல் ஓடி உலக சாதனையைச் சமப்படுத்தினார். அதே அரங்கில் 1500 உலக சாதனையாளர் ஜிம் ரயன் (3:33.1) 3:37.8 தான் ஓடமுடிந்தது. உயரத்தில் வளர்ந்த கிப் கெய்னோ 3:34.9 இல் வென்றார். மெல்லிய காற்று எதிர்ப்பைக் குறைப்பதால் 800 இல் இழப்பும் இலாபமும் ஏறத்தாழ ஈடாகிவிடுகின்றன; 1500 இல் ஒட்சிசன் குறைவு முந்திவிடுகிறது. ஆகவே நுவரெலியாவில் ஓடிய 1500 நேரத்துக்குக் கொஞ்சம் சலுகை கொடுக்கலாம், 800 நேரத்துக்கு வேண்டாம். அமெரிக்கக் கல்லூரிகளின் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, உயரமான இடங்களில் ஓடிய 1500 மீற்றர் போன்ற நேரங்களுக்கு அட்டவணைப்படியே திருத்தம் செய்கிறது. அங்கே கணிப்பாளருக்கு வேலை இலகு. கிழக்கு, மேற்கு என்று இரு பகுதியிலும் 48 பேர் வீதம் ஓடி, 12 பேர் வீதம் தெரிவாகி, 24 பேர் இறுதிக் களத்துக்கு வருகிறார்கள். ஒவ்வொருவரின் ஒவ்வோர் ஓட்டமும் மின்னியல் நேரத்துடன் பதிவாகியிருக்கும். அப்படியிருந்தும் கடைசி 200 மீற்றர்தான் அங்கேயும் முடிவைச் சொல்கிறது. 2021 இல் யாரெட் நுகுசேயை முந்தி அந்த 1500 பட்டத்தை வென்ற கோல் ஹொக்கர், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அதே மாதிரிக் கடைசியில் பாய்ந்து 3:27.65 இல் தங்கம் எடுத்தார். வேகமாகப் போன அந்த ஓட்டத்தில் முன்னால் நின்று இழுத்த யாக்கோப் இங்கப்ரிக்ட்சன் நான்காமிடம். ஒருவருக்குக் கடைசிப் பாய்ச்சல் இருக்கிறது என்பது நேரத்தைவிட நிலையான குணம். வருடங்கள் போனாலும் மாறுவது குறைவு.

ஓட்டத்துக்குள்ளே நடப்பவற்றில் கணக்கிடக்கூடியது சுவட்டு இழப்பு. ஒரு சுவட்டின் அகலம் 1.22 மீற்றர். வளைவில் இரண்டாம் சுவட்டில் ஓடுபவர் ஒவ்வொரு வளைவுக்கும் 3.83 மீற்றர் கூடுதலாக ஓடுகிறார். 800 இல் முதல் வளைவு தனிச் சுவட்டில் என்பதால் மீதி மூன்று வளைவு. மூன்றையும் வெளியே ஓடினால் 11.5 மீற்றர், 1:55 வேகத்தில் ஒன்றரைச் செக்கனுக்கு மேல். 1500 இல் ஏழு வளைவு, கிட்டத்தட்ட 27 மீற்றர். பின்னாலிருந்து வந்து வெல்பவர்கள் இந்த இழப்பை ஒரு வளைவோடு நிறுத்திக்கொள்பவர்கள். 1972 மியூனிக்கில் டேவ் வோட்டில் முதல் சுற்றில் கடைசியாக ஓடிக்கொண்டிருந்து 800 ஐ 0.03 செக்கனால் வென்றதைப் பலரும் அற்புதமான கடைசிப் பாய்ச்சல் என்பார்கள். அவருடைய நாலு 200 மீற்றர் துண்டுகளும் ஏறத்தாழ ஒரே நேரம். முன்னால் போனவர்கள்தான் களைத்து மெதுவானார்கள்.

உட்புறத்தில் நிற்பதிலும் ஆபத்து உண்டு. கடைசிச் சுற்றுக்கு மணியடிக்கும்போது முதலாம் சுவட்டில் மூன்றாவதாக, பக்கத்தில் இன்னொருவர் தோளோடு தோள் வர ஓடுபவர் அடைபட்டுவிட்டார். வழிவிடும்வரை அவரால் எதுவும் செய்ய முடியாது. மணியடிக்கும் வேளையில் இரண்டாமவராகவோ மூன்றாமவராகவோ, முன்னவரின் வெளித்தோளுக்குப் பின்னால் இருப்பதே சிறந்த இடம். பாடசாலைப் போட்டிகளின் 1500 இல் பதினைந்து பேருக்கு மேல் ஒன்றாகத் தொடங்கும்போது முதல் வளைவிலேயே விழுபவர்களும் உண்டு. எந்தக் கணிப்பிலும் அதற்கென ஒரு சிறு பங்கை ஒதுக்கி வைப்பது நல்லது.

இறுதிப்போட்டிக்கு முந்திய சுற்றுகள்தான் மிக நல்ல சாட்சி. ஆரம்பச் சுற்றில் நேரத்தைவிட, கடைசி 50 மீற்றரில் அவர் திரும்பிப் பார்த்தாரா, தெரிவு உறுதியானதும் வேகத்தை விட்டாரா என்பதைக் கவனிக்கவேண்டும். 1:57.5 ஐச் சிரமமில்லாமல் ஓடி முடித்தவர், 1:56.2 க்குப் பல்லைக் கடித்து ஓடியவரைவிட மேல். பிறகு நேர அட்டவணை. நம் பாடசாலைகளில் நன்றாக ஓடும் ஒரு பிள்ளையைக் கிடைத்த எல்லா நிகழ்ச்சிக்கும் போட்டுவிடுவார்கள்: காலையில் 1500 இறுதி, மாலையில் 800 ஆரம்பச் சுற்று, மறுநாள் 800 இறுதி, அது முடிந்ததும் 4×400 அஞ்சல். கொழும்பின் 30 பாகை வெயிலில், காற்றே வியர்வையாக இருக்கும்போது, நான்கு நிமிட ஓட்டத்தைச் சூடு பெரிதாகப் பாதிக்காது. ஓட்டங்களுக்கு இடையில் உடல் தேறுவதைத்தான் பாதிக்கும். மலையிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் இறங்கி, வாந்தி வரும் என்று தண்ணீரே குடிக்காமல் வந்த பிள்ளைக்கு அது இரட்டிப்பு. முதல்நாளே வந்து தங்கிய அணியா, அன்றைக்கே வந்த அணியா என்பது கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய விடயம். அதற்கு விலை உண்டு.

கால்களையும் பார்க்கவேண்டும். புல்தரையில் வெறுங்காலோடு பழகிய பிள்ளை, மாகாணமட்டத்துக்குத்தான் முதல்முறை ஸ்பைக்ஸ் போடும், அநேகமாக இரவல். செயற்கை ஓடுபாதையில் அதைப் போட்டு ஒரு சுற்று முழுவேகத்தில் ஓடினால் மறுநாள் கெண்டைக்கால் இறுகிப்போகும். ஆரம்பச் சுற்றில் அசத்திவிட்டு இறுதியில் ஆறாவதாக வருபவர்களில் சிலருக்குக் காரணம் இதுதான். புல்லுக்கான 12 மில்லிமீற்றர் ஆணிகளைக் கழற்றாமல் வந்து, செயற்கைப் பாதைக்குரிய குட்டை ஆணியை, ஓட்டத்துக்கு முன் போட்டியாளர்கள் கூடும் அழைப்புக் கூடத்தில் தேடி அலைபவரின் பெயரையும் ஒரு படி கீழே இறக்கலாம்.

அன்றைய தினம் கடைசியாகச் சரிபார்க்க இரண்டே விடயம்தான். தொடக்கப் பட்டியலில் ஒரே பாடசாலையிலிருந்து இருவர் இருக்கிறார்களா? இருந்தால், ஒருவர் மற்றவருக்காக முதல் சுற்றை இழுக்க வாய்ப்பு உண்டு. அப்போது ‘மெதுவாகப் போகும்’ என்று நாம் கொடுத்த 60 ஐ 30 ஆகக் குறைத்துத் திரும்பக் கணக்குப் போடவேண்டும். மேலே பார்த்த பட்டியலில் அப்படிக் குறைத்தால் ‘அ’ 44.5 க்கு ஏறிவிடுவார், ‘ஆ’ 32.5 க்கு இறங்குவார். மற்றது, 1500 ஐ வென்றவர் 800 இறுதிக்கும் அழைப்புக் கூடத்துக்கு வந்தாரா என்பது. வேகத்தைக் கூட்டக்கூடிய ஒரே ஆள் அவராக இருந்து, அவர் வராமல் விட்டால், கணக்கு மறுபடியும் ‘ஆ’ பக்கம் சாய்ந்துவிடும்.